மங்கிய மேனியும் மைக்ரான் கணக்கும்

1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம் ‘ட்ரைட்டன்’ என்ற 28 அடிப் பாய்மரப் படகைக் காட்சிக்கு வைத்தது. கார்ல் ஆல்பெர்க் வரைந்த அந்தப் படகில் உடற்பகுதிக்கு மரமே கிடையாது. கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து அச்சில் வார்த்திருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட ட்ரைட்டன்கள் கட்டப்பட்டன. இந்தப் புதுப் பொருள் எத்தனை காலம் தாங்கும் என்று அப்போது எவருக்கும் உறுதியாகத் தெரியாததால், அந்தக் காலப் படகுகளைக் கனமாகவே வார்த்தார்கள். அந்த அச்சத்தின் பலனை இன்றைய உரிமையாளர்கள் அனுபவிக்கிறார்கள்: 60 ஆண்டு கடந்தும் பல ட்ரைட்டன்கள் மிதக்கின்றன, பாய் விரிக்கின்றன. ஆனால் உடல் நின்ற அளவுக்கு மேனி நிற்கவில்லை. கையால் தடவினால் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்த சட்டைபோல உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. நீலப் படகு சாம்பல் பூத்து நிற்கிறது, சிவப்புப் படகு வெளிறிய ரோஜா நிறத்துக்கு இறங்கிவிட்டது. இந்தப் பளபளப்பை மீட்பது எப்படி என்ற கேள்விக்குக் கடையில் நூறு புட்டிகள் பதில் சொல்கின்றன. எந்தப் புட்டி நல்லது என்று கேட்பதிலேயே பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து. பளபளப்பு மேலே பூசப்படும் பொருள் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கும் கேள்வி அது. உண்மையில் பளபளப்பு என்பது மேற்பரப்பின் சமதளம். அதை மீட்கும் ஒவ்வொரு முறையும் படகு தன் தோலில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

இது விளங்க, படகு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடியிழைப் படகை வெளியிலிருந்து உள்ளே கட்டுகிறார்கள். முதலில் அச்சின் உட்புறத்தை வாட்டர் பேப்பரால் நுணுக்கமாக உரசி, பாலிஷ் செய்து, மெழுகு பூசிக் கண்ணாடிபோல ஆக்குகிறார்கள். அதன்மேல் நிறம் கலந்த பாலியெஸ்டர் பிசினைச் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தெளிக்கிறார்கள். இதுதான் ஜெல்கோட். அது பாதி இறுகியதும் அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்துப் பிசினை ஊற்றி உருளையால் தேய்த்துப் படலம் படலமாக உடலை எழுப்புகிறார்கள். முழுதும் இறுகியபின் அச்சிலிருந்து கழற்றினால் படகு மினுங்கிக்கொண்டே வெளியே வருகிறது. அதற்கு அப்போது யாரும் பாலிஷ் போடவில்லை. அச்சின் வழவழப்பை ஜெல்கோட் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வீட்டுச் சுவரில் வண்ணம் பூசுவதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சுவரில் வண்ணம் கடைசியாக வருகிறது, மங்கினால் இன்னொரு கை பூசலாம். ஜெல்கோட்டோ முதலில் வந்தது. அச்சு போனபின் அதே மேனியை இன்னொரு முறை அதே விதத்தில் பெற வழியில்லை.

அந்த மேனியை அழிப்பதில் வெயிலுக்குத்தான் முதலிடம். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியெஸ்டரின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் ஆக்ஸிஜன் ஏறுகிறது, பிசின் மஞ்சளித்து நொறுங்குகிறது, மழையும் அலையும் அதைக் கழுவிக்கொண்டு போகின்றன. வெள்ளை ஜெல்கோட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்ஸைடு ஒரு பக்கம் ஒளியைத் தடுத்துக் கீழே இருக்கும் பிசினைக் காக்கிறது. மறுபக்கம், ஒளி பட்டால் வினையைத் தூண்டும் குணமும் அதற்கு இருப்பதால் தன்னைச் சுற்றியிருக்கும் பிசினையே அரிக்கிறது. காவலாளியே களவாணி! அதனால்தான் அந்தத் துகள்மேல் அலுமினாவோ சிலிக்காவோ மூடிய வகைகளைத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பிடித்திருந்த பிசின் போனபின் நிறத்துகள் தனியே உதிர்ந்து நிற்பதுதான் கையில் ஒட்டும் மாவு. அதன் அடியில் மேற்பரப்பு நுண்ணிய மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளம் இந்த அளவை எட்டினாலே ஒளி நேராகத் திரும்பாமல் நாலாபுறமும் சிதறத் தொடங்கும். சிதறிய ஒளியைத்தான் மங்கல் என்கிறோம். நீலமும் சிவப்பும் வெளுத்ததுபோலத் தோன்றுவதற்கும் பெரும்பங்கு இதுவே காரணம்: சிதறிய வெள்ளொளி நிறத்தின்மேல் திரையாக விழுகிறது.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும். மங்கிய படகின் மேல் தண்ணீரை ஊற்றினால் நிறம் ஆழமாகி, மேனி புதிதுபோல மின்னும். காய்ந்ததும் பழைய கதை. தண்ணீர் எதையும் சரிசெய்யவில்லை. பள்ளங்களை நிரப்பித் தன் பரப்பையே சமதளமாகக் காட்டியது. காற்றைவிடத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் பிசினுக்கு நெருக்கமானது என்பதால் ஒளி சிதறுவதும் குறைந்தது. ஈரமான கருங்கல் கறுத்து மின்னுவதும் இதே கணக்கில்தான். இந்த எளிய சோதனை, சந்தையில் உள்ள எல்லா வழிகளையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. ஒன்று பள்ளத்தை நிரப்பும் வழி, மற்றது மேட்டை அறுக்கும் வழி. தண்ணீருக்குப் பதில் சீக்கிரம் காயாத ஒன்றைப் பூசினால் அது முதல் வகை. எண்ணெய், மெழுகு, அக்ரிலிக் பூச்சு எல்லாம் அந்தக் குடும்பம். நிரப்பாமல், மேடுகளைப் பள்ளத்தின் அடிவரை சீவி எடுத்தால் இரண்டாம் வகை.

நிரப்பும் வழியை இழிவாகப் பேசும் பழக்கம் படகுக் கைவினைஞர்களிடம் உண்டு. அது முழுக்க நியாயமில்லை. தரைக்குப் பூசும் பாலிஷைப் போன்ற நீர்சார் அக்ரிலிக்கை ஐந்தாறு மெல்லிய கைகளாகத் துணியால் தடவினால் ஒரே நாளில் படகு மினுங்கும். எந்திரம் வேண்டாம், தோள்வலி இல்லை, ஜெல்கோட்டிலிருந்து ஒரு மைக்ரான்கூடப் போகாது. குறை பின்னால்தான் தெரியும். அந்தப் படலம் தானும் வெயிலில் மஞ்சளிக்கும், ஓரங்களில் உரியும். உரிந்ததன்மேல் மறுபடி பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். அம்மோனியா கலந்த திரவம் ஊற்றி முழுவதையும் கரைத்தெடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். இதைவிட ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. அறுப்பதாகச் சொல்லிக்கொண்டே நிரப்புவது. காம்பவுண்டு எனப்படும் தேய்ப்புப் பசைகள் பலவற்றில் உராய்வுத் துகளோடு எண்ணெயும் கலந்திருக்கும். உரசிய கீறல்களுக்குள் அந்த எண்ணெய் இறங்கி, வேலை முடிந்த மாலையில் படகு ஜொலிக்கும். சில வாரத்தில் எண்ணெய் வற்றியதும் கீறல்கள் வெளியே வரும். வெயில் மறுபடி மங்கவைத்துவிட்டது என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வார். மறுபடி மங்கியதே இல்லை, முதலில் மீளவே இல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை அப்போதே தெரிந்துவிடும். பளபளப்பை அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கருப்புக் கண்ணாடித் தகட்டின் மினுக்கத்தை 100 என்று வைத்து, 60 பாகைச் சாய்வில் ஒளியைச் செலுத்தி எண்ணாகச் சொல்லும் கருவி அது. துடைக்கும் முன்பும் பின்பும் எண் ஒன்றாகவே இருந்தால் அறுத்தது உண்மை.

அறுக்கும் வழியின் தர்க்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. மொசைக் தரைக்கு மெருகு போடும் மேஸ்திரி முரட்டுக் கல்லில் தொடங்கி, தண்ணீர் விட்டுவிட்டு, மேலும் மேலும் நைசான கல்லுக்கு இறங்குகிறார். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல் போட்ட கீறலை அழித்துத் தன் சிறிய கீறலைப் போடுகிறது. கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்ததும் அதற்குப் பெயர் பளபளப்பு. படகிலும் அதே ஏணிதான். 600 எண் வாட்டர் பேப்பரின் துகள் சுமார் 26 மைக்ரான், 1000 எண்ணில் 18, 2000 எண்ணில் 10. அதற்கும் கீழே காம்பவுண்டின் அலுமினாத் துகள். அது உரசும்போதே நொறுங்கி நைசாகிக்கொண்டு போகும்படி செய்யப்பட்டது. எந்திரத்தில் மாட்டும் கம்பளிப் பட்டை வேகமாக அறுக்கும், நுரைப் பட்டை மென்மையாக முடிக்கும். இந்த ஏணியில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் அடியில் அப்படியே தங்கிவிடும். 600இலிருந்து நேராகக் காம்பவுண்டுக்குத் தாவிய படகு, பக்கவாட்டில் பார்க்கும்போது மின்னும், நேர் வெயிலில் பார்த்தால் மாட்டு நாக்கு நக்கியதுபோல வரிவரியாக இருக்கும். ஒரே திசையில் சுழலும் பஃபிங் எந்திரம் விட்டுச்செல்லும் வட்டத் தடங்களும் அப்படித்தான். அதனால் கடைசிக் கைக்குச் சுழன்றுகொண்டே அலையும் எந்திரத்தை நாடுகிறார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, அறுப்பதே சரி, நிரப்புவது பித்தலாட்டம் என்று முடித்துவிடத் தோன்றும். கைதேர்ந்தவர்கள் பலர் நிற்பதும் அங்கேதான். நான் அங்கே நிற்கத் தயங்குவது கனத்தின் காரணமாக. அறுப்பதற்கு இருப்பது அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். காரின் மேலே இருக்கும் ஒளிபுகும் பூச்சு 40, 50 மைக்ரான்தான் என்பதால், கார் பட்டறையிலிருந்து வந்தவருக்கு ஜெல்கோட் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்போலத் தெரிகிறது. ஒரு முறை உரசினால் போவது சிறு பங்குதானே, இதற்கென்ன கஞ்சத்தனம் என்பதே அவர்கள் எழுப்பும் வலுவான ஆட்சேபம். சராசரியை வைத்துப் பார்த்தால் அது சரி. ஆனால் தேய்வது சராசரியில் நடப்பதில்லை. கையால் தெளிக்கப்பட்ட ஜெல்கோட் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இராது, ஓர் அடிக்குள்ளேயே மாறும். பஃபிங் பட்டையோ தட்டையான இடத்தை மென்மையாகத் தொட்டுவிட்டு, முனையிலும் விளிம்பிலும் முழு அழுத்தத்தோடு கடிக்கிறது. சூடும் அங்கேதான் ஏறுகிறது. ஓட்டை விழுவது எப்போதும் முனையில். அங்கே ஜெல்கோட் தேய்ந்து அடியிலிருக்கும் கண்ணாடியிழைப் பின்னல் நிழலாடத் தொடங்கினால், அதற்குப் பிறகு எந்தக் காம்பவுண்டும் உதவாது.

இன்னொரு சிக்கல், இருப்பு எவ்வளவு என்பதே தெரியாமல் செலவழிப்பது. ஐம்பது வயதுப் படகு பல கை மாறி வந்திருக்கும். முந்தைய உரிமையாளர் ஒவ்வொருவரும் வசந்தத்துக்கு வசந்தம் எவ்வளவு தேய்த்தார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. கார்ப் பூச்சை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து வைத்தால் அது ஊமையாகிவிடும். காந்தத்தையோ மின்சுழலையோ நம்பி இயங்கும் அந்தக் கருவிக்கு அடியில் உலோகம் வேண்டும், கண்ணாடியிழை உதவாது. மீயொலியால் அளக்கும் கருவிதான் இங்கே பயன்படும், அது விலை கூடியது. ஆனால் செலவில்லாத வழி ஒன்று படகிலேயே இருக்கிறது. கயிறு கட்டும் கட்டைகளையோ தளத்துப் பித்தளைப் பொருத்துகளையோ கழற்றினால், திருகுத் துளையின் விளிம்பில் ஜெல்கோட்டின் குறுக்குவெட்டு பட்டையாகத் தெரியும். பொருத்துக்கு அடியில் வெயிலும் படவில்லை, எந்திரமும் படவில்லை. எனவே அங்கே காண்பது பிறந்தபோது இருந்த கனமும் பிறந்தபோது இருந்த நிறமும். பக்கத்தில் திறந்த இடத்தில் உள்ள துளையோடு ஒப்பிட்டால் இதுவரை ஆன செலவு புலப்படும். காம்பவுண்டுகளின் தரவரிசைகளைப் படிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தாலே பல படகுகளின் முனைகள் பிழைத்திருக்கும்.

இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் வேலை முறை தானாகவே மாறிவிடுகிறது. சோப்பால் கழுவிவிட்டு, நீர்மட்டத்தில் படிந்த பழுப்பும் துருக்கறையும் இருந்தால் ஆக்ஸாலிக் அமிலத்தால் எடுத்துவிட்டு (அது கறையைத்தான் எடுக்கும், மங்கலை எடுக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்) ஓர் அடிச் சதுரத்தில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் ஒரு படி முரடு. அதுவும் போதவில்லை என்றால் இன்னொரு படி. வாட்டர் பேப்பர் கடைசியில்தான் வர வேண்டும். வழக்கத்தில் நடப்பது இதன் தலைகீழ். முரட்டுக் கம்பளிப் பட்டையோடும் முரட்டுக் காம்பவுண்டோடும் படகு முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டுப் பிறகுதான் தேவையா என்று யோசிக்கிறார்கள். மெல்லிய பாலிஷில் முடிந்திருக்கக்கூடிய பின்புறத்துக்கும், உச்சி வெயிலில் வெந்த மேல்தளத்துக்கும் ஒரே மருந்து. தளம் தன் தேவைக்குச் செலவழிக்கிறது, பின்புறம் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிறது.

உதிரும் மாவு அடியிலிருக்கும் பிசினுக்கு ஓரளவு குடையாகவும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எடுத்தவுடன் புதுப் பிசின் நேரே வெயிலுக்கு முகம் காட்டுகிறது. ஆண்டுதோறும் உரசி, மேலே எதுவும் பூசாமல் விடுபவர் வெயிலுக்குத் துணைபோகிறார். அதனால் அறுப்பது அரிதாகவும் காப்பது அடிக்கடியும் நடக்க வேண்டும். காப்புப் பொருள்களில் பழையது கார்னாபா மெழுகு, பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. ஆழமான மினுக்கம் தரும், ஆனால் ஒரு பருவம் நிற்பதே பெரிது. செயற்கைப் பாலிமர் பூச்சுகள் அதைவிடக் கூடுதலாக உழைக்கும். இப்போது எல்லோரும் பேசுவது செராமிக் பூச்சு. அது ஜெல்கோட்டைக் கண்ணாடியாக மாற்றிவிடும், இனி உரசவே வேண்டாம் என்ற விளம்பரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும். சில மைக்ரான் கனமே உள்ள சிலிக்கா சார்ந்த படலம் அது. தண்ணீரை உருட்டி ஓட்டும், அழுக்கைப் பிடிக்கவிடாது, மெழுகைவிட நீண்டு நிற்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் அடியிலிருக்கும் கீறலை அது அழிக்காது, அப்படியே பூட்டி வைத்துவிடும். சிலிகோன் கலந்த எந்தப் பொருளிலும் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பிறகு ஒருநாள் பெயின்ட் அடிக்க வந்தால், மிச்சமிருக்கும் சிலிகோன்மேல் பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். எதுவுமே வாங்காமல் கிடைக்கும் காப்பு ஒன்று உண்டு: நிழல். படகை மூடும் ஒரு தார்ப்பாய் எந்தப் பூச்சைவிடவும் அதிகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். புட்டியில் அடைத்து விற்க முடியாததால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பெயின்ட் அடிப்பது தோல்வியின் ஒப்புதல், ஜெல்கோட் இருக்கும்வரை அதைக் கைவிடக் கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். முனைகளில் பின்னல் தெரியத் தொடங்கிய படகுக்கும், மேனி முழுக்க வலைபோல வெடித்த படகுக்கும் அந்தப் பிடிவாதம் பொருந்தாது. வெடிப்பு ஜெல்கோட்டின் ஆழம்வரை போயிருக்கும். அதை உரசி எடுப்பது என்றால் ஜெல்கோட்டையே உரசி எடுப்பதுதான். அந்த நிலையில் வெடிப்புகளைத் திறந்து நிரப்பி, எபாக்ஸி அடிப்பூச்சுக்கு மேல் இரு கூறு பாலியூரிதேன் அடிப்பது நேர்மையான முடிவு. நல்ல கையில் அது பல ஆண்டுகள் ஜெல்கோட்டைவிட மேலாகவே மின்னும். அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருப்பதால் தெளிப்பவருக்கு வெளிக்காற்று செலுத்தும் முகமூடி கட்டாயம், சாதாரணத் துணியைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை இல்லை. மறுபக்கம், அடுத்த மாதம் விற்கப்போகும் படகுக்கோ, இன்னும் ஓரிரு ஆண்டில் பெயின்ட் அடிப்பதென்று முடிவாகிவிட்ட படகுக்கோ அக்ரிலிக் பூச்சு போதும். கரைந்துபோகப்போகும் தோலுக்கு அறுவைச் சிகிச்சை எதற்கு? வாங்குபவரிடம் மறைக்காமல் சொன்னால் சரி.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அடிப்படையான ஓர் எதிர்ப்பு. இந்தப் பளபளப்பே தேவைதானா? சோழமண்டலக் கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு ஃபைபர் படகுகள் பிடித்தன. யாழ்ப்பாணத்தில் காரைநகரின் சீநோர் தளம் அதற்கு முன்பே கண்ணாடியிழைப் படகு கட்டிவந்தது. அந்தப் படகுகளை நாள்தோறும் மணலில் இழுக்கிறார்கள், வலையும் நங்கூரமும் அவற்றின் விளிம்பில் உராய்கின்றன. மினுக்கம் போனதற்காக எந்த மீனவரும் கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை, போகாமல் இருக்கவும் வேண்டியதில்லை. படகின் பலம் இழைப் படலங்களில் இருக்கிறது, ஜெல்கோட்டில் இல்லை. மங்கிய படகு பாதுகாப்பற்ற படகு என்பது விற்பனைப் பேச்சு. உழைக்கும் படகுக்கு வெடிப்பையும் ஓட்டையையும் அடைப்பதே போதுமான மேனிப் பராமரிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் வார இறுதிக்கு மட்டும் கடலுக்குப் போகும் உல்லாசப் படகுக்கு அந்த விடை முழுதாகப் பொருந்தாது. அதைப் பிழைக்கவைப்பது பிழைப்பு இல்லை, உரிமையாளரின் விருப்பம். கண்ணாடியிழை மட்குவதில்லை, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பிரான்ஸில் வயதான உல்லாசப் படகுகளைப் பிரித்து அப்புறப்படுத்துவதற்கென்றே ‘ஆபேர்’ என்ற அமைப்பு 2019 முதல் இயங்கவேண்டி வந்திருக்கிறது. அங்கே போய்ச் சேரும் படகுகளில் உடல் உடைந்தவை எத்தனை, யாரும் பார்க்க விரும்பாமல் மூலையில் ஒதுக்கப்பட்டவை எத்தனை என்பது யோசிக்கத்தக்கது. தோற்றம் மங்கிய படகில் ஏற மனம் வராது. ஏறாத படகின் மழைநீர் வடிகால் அடைபடும், தளத்தில் நீர் தேங்கும், அப்போதுதான் உடலுக்கே கேடு வரத் தொடங்கும். ட்ரைட்டனின் அரை மில்லிமீட்டர் அதன் உடலைத் தாங்கவில்லைதான். யாரோ ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு துணியும் மெழுகுமாக அதன் அருகில் வந்து நிற்பதற்குக் காரணமாக இருந்திருக்கிறது. அப்படி வந்து நிற்பவர்தான் பொருத்தின் அடியில் கசிவையும் முதலில் பார்ப்பவர்.